அவருடைய எடையை நான் குறைத்த விதம்

உங்கள் காவல் நிலைய வரவேற்பறையில் இருக்கும் எடை மெஷின் நானூறு கிராம் கூட்டிக் காட்டுகிறது. காத்திருந்த நேரத்தில் சும்மா ஏறிப் பார்த்தேன். பெரிய கோளாறு ஒன்றுமில்லை. அடியில் ஒரு கால் தரையில் சரியாக உட்காரவில்லை, அட்டையை மடித்துச் செருகினால் போதும். ஆனாலும் கண்ணில் பட்டுவிட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. இருபத்திரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. கடை, ஆலை, மருந்துக் கிடங்கு, ஆஸ்பத்திரி என்று போய், அங்கிருக்கும் தராசுகள் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பேன். சொல்லவில்லையென்றால் சொல்ல வைத்து, முத்திரை குத்திவிட்டு வருவேன்.

நான் வந்தது என் கணவர் விஷயமாக. நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறந்தவர். உங்கள் கோப்பில் 'மனநிலை பாதிக்கப்பட்டவர், தானே குதித்தார்' என்று எழுதியிருக்கிறது. நகல் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. அந்த வரி தவறு. அவருடைய மனநிலை நன்றாகவே இருந்தது. சொல்லப்போனால் அந்தக் கடைசி எட்டு மாதம் இருந்த மாதிரி அது எப்போதுமே இருந்ததில்லை. அதைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கு நடந்ததை முழுசாகச் சொல்லியாக வேண்டும், அதனால் சொல்கிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் அவர் வேலை முடிந்து வந்தாரென்றால் வீடு கலகலவென்று ஆகிவிடும். அவரும் ஒரு கூட்டாளியும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். கூட்டாளிக்குத் தலைமுடி சுருள் சுருளாக இருக்கும். எல்லோருக்கும் அவர் 'சுருட்டை'தான். ஒருநாள் ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பி வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டை ஏதோ வேடிக்கையாகச் சொன்னாராம். சொல்லிக்கொண்டே ஓர் எட்டு பின்னால் வைத்தார். அங்கே தரை இல்லை. இவர் கையை நீட்டினார். சட்டைக் காலர் விரல் நுனியில் பட்டது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவர் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார். லிஃப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஃபேன், மோட்டார் பழுது பார்த்தார். நாங்கள் இருந்தது நாலாவது மாடி. லிஃப்ட் பக்கம் திரும்பக்கூட மாட்டார். படிக்கட்டில், கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறுவார். மனிதர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. ஆனால் பேசாத ஒருவரோடு பதினோரு வருடம் ஒரே மேஜையில் சாப்பிடுவது எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மொட்டைமாடியில் ஓர் அறை இருந்தது. அதில் அவர் ஏதோ செய்துகொண்டிருந்தார். என்ன என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே சொன்னார்.

"பூமி எல்லாத்தையும் இழுக்குதுல்ல. காந்தத்தைப் பாரு, இழுக்கவும் செய்யும், திருப்பி வெச்சா தள்ளவும் செய்யும். இந்த இழுப்புக்கு மட்டும் ஒரு தள்ளு இல்லாமலா இருக்கும்?"

"இருந்தா என்னங்க ஆகும்?"

"இருந்தா, யாரும் விழ மாட்டாங்க."

பதினோரு வருடத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. அப்படி ஒரு தள்ளு இல்லை என்று எனக்குத் தெரியும். எடை என் தொழில். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒரு சின்னத் தராசு கேட்டார், கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் செய்திருந்தது இரண்டு தகடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்று வலமும் ஒன்று இடமுமாகப் படுவேகத்தில் சுற்றும். அதைத் தராசில் வைத்து ஓட விட்டார். நாலு கிராம் குறைந்தது. தகடு சுற்றுகிற காற்று கீழே அடித்துத் தகட்டை மேலே தூக்குகிறது, வேறொன்றும் இல்லை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் திரும்பினேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் இருமுகிறார் என்றுதான் நினைத்தேன். பழக்கம் விட்டுப்போன சிரிப்பு அப்படித்தான் வரும்போல. பிறகு என்னை இடுப்போடு பிடித்துத் தூக்கிவிட்டார். ஐம்பது வயதில், அந்தக் குறுகலான அறையில், என்னைத் தூக்கிச் சுற்றினார். என் கால் பட்டு அலமாரியிலிருந்து திருகாணி டப்பா விழுந்து அறை முழுக்கச் சிதறியது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். பொறுக்கப் பொறுக்கச் சிரித்தோம். "தராசுக்காரி, பாத்தியாடி, நாலு கிராம்!" என்றார். கல்யாணமான புதிதில் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

மறுநாள் அவராகவே யோசித்து, காற்று அடிக்காமல் இருக்கத் தகடுகளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவ்வளவு கவனமான மனிதர். தராசு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கதவு மூடுகிற மாதிரி அது மூடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவரைக் கீழே அனுப்பினேன். தராசின் பின்பக்கம் ஒரு திருகு இருக்கிறது. அவர் திரும்பி வரும்போது ஆறு கிராம் குறைந்திருந்தது.

அன்றும் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அடுத்ததாக நான் செய்தது கொஞ்சம் திட்டமிட்ட காரியம், மறைக்கவில்லை. பழைய இரும்பு வாங்கும் ஒரு கடையில், வருகிறவர்களை ஏமாற்றத் தராசுக்குள் ஒரு சின்ன மின்னணுப் பலகையைப் பொருத்தியிருந்தார்கள். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் எடை குறைத்துக் காட்டும். நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். பிடித்ததை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கவில்லை. ஆள் ஏறி நிற்கிற அளவுக்கு ஒரு பெரிய தராசு வீட்டுக்கு வந்தது, அந்தப் பலகை அதற்குள் போனது. ரிமோட் என் வேலைக் கோட்டின் பையில். இதோ, மேஜையில் வைத்திருக்கிறேன். சாவிக்கொத்தில் மாட்டுகிற பொம்மை அளவுதான்.

என் நாத்தனார் தையல்கடை வைத்திருக்கிறாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். தகடுகளை இடுப்பில் கட்டிக்கொள்ள அவள்தான் கெட்டித்துணியில் ஒரு பெல்ட் தைத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கட்டிக்கொண்டு தராசில் ஏறுவார். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பேன், ஒரு கை எழுத, ஒரு கை பையில். தகடுகள் 'உய்ங்' என்று சுற்ற ஆரம்பிக்கும். அறுபத்தெட்டு கிலோ அறுபத்தாறாகும்.

அவசரப்படவில்லை. வாரத்துக்கு இரண்டு கிலோ, சில வாரம் மூன்று. நடுவில் ஒரு வாரம் அரைக் கிலோ கூட்டிக்கூடக் காட்டினேன். அவர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு தகட்டின் சாய்வை மாற்றினார். பலன் கிடைத்ததும் அந்தச் சந்தோஷம் இரண்டு மடங்காக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆளும் இல்லை அவர். மெஷினை நிறுத்திவிட்டு, முத்திரையிட்ட இருபது கிலோ எடைக்கல்லை என்னை விட்டே கொண்டுவரச் சொல்லித் தராசில் வைத்துப் பார்ப்பார். சரியாக இருபது காட்டும். நான் பொத்தானை அழுத்த மாட்டேனே. மனநிலை பாதிக்கப்பட்டவர் இப்படியெல்லாம் சோதித்துப் பார்ப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.

ஐம்பது கிலோவுக்கு வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. படிகளை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினார். கைப்பிடியைத் தொடுவதே இல்லை. காலையில் பாடினார். சுருதி கொஞ்சமும் சேராது, ஆனால் பாடினார். நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "சாயங்காலம் சீக்கிரம் வந்துடு, இன்னைக்குக் கட்டாயம் ஒரு கிலோ விழும்" என்பார். நானும் ஓடி ஓடி வருவேன். எனக்கும் சின்னப் பெண் மாதிரி இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு காரணமே இல்லாமல் சிரிப்பேன், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாத்தனாருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அளவெடுக்கிற கண். ஒருநாள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, நான் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. அண்ணன் கட்டில்ல உக்காந்தா கட்டில் பழையபடிதானே அமுங்குது?"

"நீ வேணா ஏறிப் பாரேன்" என்றேன்.

அவள் எண்பத்திரண்டு கிலோ. முப்பது வயதிலிருந்து அந்த எண்ணோடு மல்லுக்கட்டுகிறவள். பெல்ட்டைக் கட்டி, அண்ணன் தகடுகளை ஓட விட, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினாள். நான் கொஞ்சம் தாராளமாகவே அழுத்தினேன். கண்ணைத் திறந்தபோது நாற்பத்தொன்று.

"ஐயோ, பாதி ஆளைக் காணோம்!" என்று ஒரு கூச்சல். இறங்க மாட்டேன் என்று அடம். அண்ணன் அவளுடைய கையைப் பிடித்து இழுக்க, அவள் அவரையும் தராசுக்கு இழுக்க, மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு கட்டிலைப் பற்றி அவள் கேட்கவில்லை. வாரம் தவறாமல் வந்து ஏறி இறங்கிவிட்டுப் போவாள்.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. குதித்தால் அவர் மிதக்கவில்லை.

"முப்பது கிலோதான் இருக்கேன். எம்பினா கூரையில இடிக்கணுமே? ஏன் இடிக்கல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஒரு நாள் அவகாசம் எடுத்து யோசித்துப் பதில் சொன்னேன். "உங்க கால் அறுபத்தெட்டு கிலோவுக்குப் பழகின கால். அது தானா பலத்தைக் குறைச்சுக்குது. மேல எம்பறதுக்குக் காலு வேணும். கீழ எறங்கறதுக்கு எடை கொறைஞ்சாலே போதும், அதைப் பாருங்க." அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "இது எனக்குத் தோணலையே" என்றார்.

பிறகு நாற்காலியிலிருந்து இறங்கிப் பழகினார். கீழே நான் ஒரு கனமான பஞ்சு மெத்தை போட்டு வைத்தேன். "சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்பார். "பூனை குதிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்பேன். மேஜையிலிருந்து குதித்தபோது பூனையைவிடப் பெரிய சத்தம்தான். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். நான் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். ஒன்பது கிலோவில் இருந்த நாள் அது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே எட்டிப் பார்த்தார். பதினோரு வருடமாக ஜன்னல் ஓரம்கூட வராத மனிதர். "தராசுக்காரி, பூஜ்யம் வரட்டும். வந்த அன்னிக்கு இங்கேருந்து ஓர் எட்டு எடுத்து வெச்சு, நடந்து போய்க் கீழே எறங்குவேன். சுருட்டை விழுந்தான்ல, நான் எறங்கிக் காட்டறேன்."

இதைக் கேட்டதும் நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நிறுத்தத்தான் செய்தேன். ஏழு வாரம் ஒன்பது கிலோவிலேயே வைத்திருந்தேன். ஒன்பதிலேயே இருந்திருந்தால் இன்றைக்கும் வீட்டில் சிரித்துக்கொண்டிருப்போம்.

ஆனால் அவர் என்னிடம் சொல்லாமல் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒரு வியாழக்கிழமை பதில் வந்தது. திங்கட்கிழமை இரண்டு பேர் வருகிறார்கள், தங்கள் சொந்தத் தராசைக் கொண்டுவருவார்கள் என்று எழுதியிருந்தது. அவர் கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக ஆடினார்.

"அவங்க தராசா?" என்றேன்.

"ஆமா. யார் தராசா இருந்தா என்ன? உன்னுதைவிடச் சரியான தராசு ஊர்ல ஏது? ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டும்."

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்றே உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து ஷூவுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார், வருகிறவர்கள் முன்னால் நன்றாக இருக்க வேண்டுமாம். "என்னங்க" என்றேன். நிமிர்ந்தார். அந்த முகத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது? முகம் முழுக்கச் சிரிப்பு. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. அது போன பிறகு, அந்தக் கண் என்னை ஒரு பார்வை பார்க்கும். ஒவ்வொரு கிலோவையும், ஒவ்வொரு தூக்கிச் சுற்றலையும், மெத்தையையும் பூனையையும் வரிசையாக நினைத்துக்கொண்டு பார்க்கும். அந்தப் பார்வையை அவர் அனுபவிக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்காகத்தான் சொல்கிறேன்.

"ஷூ நல்லா பளபளன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். வருகிற இருவரும் திங்கட்கிழமை அவரை அறுபத்தெட்டு என்று சொல்லிவிடுவார்கள். திரும்பவும் படி படியாகக் கைப்பிடி. திரும்பவும் அந்த மேஜை. அவரை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, எல்லாம் உச்சத்தில் இருக்கும்போதே ஒரு மனிதர் முடித்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஆற அமர யோசித்து எடுத்த முடிவுதான். இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். நாத்தனாரும் வந்திருந்தாள். அவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தராசில் ஏறினார். நான் நோட்டைத் திறந்து தேதி எழுதினேன். ஒன்பது, ஏழு, நாலு, இரண்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு அழுத்தினேன். பிறகு பூஜ்யம்.

தகடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சரியாத்தானே காட்டுது?"

நிறுத்துவதற்கு எனக்குக் கிடைத்த கடைசி இடம் அதுதான். தெரிந்துதான் பதில் சொன்னேன்.

"என் கை பட்ட தராசுங்க."

நாத்தனாரைக் கீழே போய் நிற்கச் சொன்னார், இறங்கி வருவதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. அவள் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் மொட்டைமாடி விளிம்புக்குப் போனோம். அவர் ஏற வசதியாக நான் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன். போட்டுவிட்டு, அது ஆடாமல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அவர் சுவர் மேல் ஏறி நின்றார். குனிந்து என் கன்னத்தில் தட்டிவிட்டு, "நீயும் வர்றியா? பெல்ட் தாங்கும்" என்றார்.

"நீங்க முதல்ல போங்க" என்றேன்.

மாடிப்படியில் இறங்குகிற மாதிரிதான் அவர் காலை எடுத்து வைத்தார்.

நீங்கள் வருவதற்குள் தராசைத் திறந்து பலகையை எடுத்துவிட்டேன், நோட்டின் பக்கங்களையும் கிழித்துவிட்டேன். பயத்தால் அல்ல, பழக்கத்தால். வேலை முடிந்தால் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். தராசில் கோளாறே இல்லை என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அதனால்தான் பழி அவருடைய மூளை மேல் விழுந்தது. என் நாத்தனார் இப்போதும் கடையைத் திறப்பதில்லை. "எங்கண்ணன் பைத்தியமா அண்ணி?" என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். அதைக் கேட்கச் சகிக்கவில்லை. அவர் தெளிவான மனிதர். சரியான தராசையும் சரியான ஆளையும் நம்பியவர். ஆகவே, மனநிலை என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என்னை எழுதுங்கள். ஸ்டூலையும் சேர்த்து எழுதுங்கள், ஆட்சேபணை இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. விழும்போது அவர் சிரித்தார். நான் என் காதால் கேட்டேன். கீழே நின்ற நாத்தனார், அது சிரிப்பு இல்லை, அவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார், 'தராசுக்காரி' என்று பாதி சொல்லும்போதே நின்றுவிட்டது என்கிறாள். அவள் துணி தைக்கிறவள், பாவம், பதற்றத்தில் இருந்தாள். நான் மேலே அமைதியாக நின்றிருந்தேன், எனக்குத்தான் தெளிவாகக் கேட்டிருக்கும்.

அந்த உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்றரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் விழுகிற பொருளைத் தராசோடு சேர்த்தே கீழே விட்டால், அந்த நேரம் முழுக்கத் தராசு பூஜ்யம்தான் காட்டும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, எந்த ஆராய்ச்சி நிலையத்துக்காரரும் மறுக்க முடியாது. ஆகவே அன்று காலை நான் அவருக்குக் காட்டிய எண் சரியான எண்தான். அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.